சேவர் காணாது எண்டு சொல்லாதேங்கோ

ஆய்விதழ்த் தளம் ஒன்று இழுக்கத் தொடங்கினால் எங்கட ஆக்கள் முதலில் சொல்வது, "சேவர் காணாது." அடுத்த கூட்டத்தில் புதுச் சேவருக்கு விலை கேட்பார்கள். டொலர் கணக்கைப் பார்த்ததும் அந்தக் கதை அடுத்த வருட வரவுசெலவுக்குத் தள்ளப்படும். தளம் தன்பாட்டில் இழுத்துக்கொண்டு கிடக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இப்படியான தளங்கள் சிலவற்றைப் பார்த்துக் கொடுக்கிற வேலை எனக்கு வாய்த்திருக்கிறது. அண்மையில் பார்த்த ஒன்றை வைத்துத்தான் இந்தப் பதிவு. எந்த நிறுவனம், எந்த இதழ் என்று கேட்கவேண்டாம். அனேகமாக உங்கட இதழுக்கும் இது பொருந்தும்.

போன் எடுத்தவர் பிரதம பதிப்பாசிரியர், மூத்த பேராசிரியர்.

"தம்பி, தளம் திறக்குதில்லை. டி.ஓ.ஐ.யை அமத்தினா வெள்ளைப் பக்கம்தான் வருது. கட்டுரை அனுப்ப ஏலாமப் பிள்ளையள் எனக்கு வட்ஸ்அப்பில அனுப்பீனம்."

"எப்பவும் இப்பிடியோ சேர், இடைக்கிடையோ?"

"அதுதானே விளங்குதில்லை. ஒருக்கால் பறக்கும், ஒருக்கால் படுக்கும். எங்கட ஐ.ரி. பெடியன் சொல்லுறான் சேவரைப் பெரிசாக்கோணுமாம்."

பின்னணி தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உலகத்துப் பல்கலைக்கழக இதழ்களில் கணிசமான பங்கு ஓப்பன் ஜேர்னல் சிஸ்டம்ஸ், சுருக்கமாக ஓ.ஜே.எஸ்., என்ற இலவச மென்பொருளில் ஓடுகிறது. ஜோன் வில்லின்ஸ்கி என்ற கல்வியாளர் 1998இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தொடக்கிய பொது அறிவுத் திட்டம்தான் இதன் தாய்வீடு. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி 136 நாடுகளில் 25,671 இதழ்கள் இதைப் பாவித்தன. அவற்றில் ஐந்தில் நான்கு எங்களைப்போன்ற நாடுகளில். கட்டுரை வாங்குவது, மதிப்பாய்வுக்கு அனுப்புவது, திருத்துவது, வெளியிடுவது எல்லாம் ஒரே இடத்தில் முடிந்துவிடும். இலங்கையில் 2008இல் ஐனாஸ்ப் என்ற பிரித்தானிய அமைப்பு 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' என்ற பொதுத் தளத்தைத் தொடக்கி, பின்னர் தேசிய விஞ்ஞான மன்றத்திடம் கையளித்தது. யாழ்ப்பாண மருத்துவச் சங்கத்தின் ஜஃப்னா மெடிக்கல் ஜேர்னல் அங்கேதான் இருக்கிறது. அப்படிப் பொதுத்தளத்தில் இருப்பவர்களுக்கு இயந்திரக் கவலை இல்லை. தனியே ஓ.ஜே.எஸ். நிறுவி, நிறுவியவர் புலமைப்பரிசில் கிடைத்து வெளிநாடு போன பிறகு கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவர்களுக்குத்தான் நான் எழுதுகிறேன்.

சேவருக்குள் போனதும் லொக் கோப்பைத் திறந்தேன். யார், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தைக் கேட்டார் என்று வரிவரியாக அதில் எழுதிக் கிடக்கும். அதை வாசிக்கிறவர்கள் குறைவு. வாசித்தால் பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும்.

நேரம் விடியப்புறம் இரண்டு மணி. ஒரு செக்கனுக்குள் பத்துப் பன்னிரண்டு வரி. ஒவ்வொரு வரிக்கும் வேறு வேறு நாட்டு ஐ.பி. முகவரி. எல்லோரும் தங்களைக் குரோம் உலாவி என்று சொல்கிறார்கள்; சொல்கிற பதிப்பு எண்களோ மனிதர் எவரும் இப்போது பாவிக்காதவை. எல்லோரும் கேட்பது ஒரே கட்டுரையை. கட்டுரைகூட இல்லை, அதன் அடியில் வருகிற 'இதையொத்த கட்டுரைகள்' பட்டியலின் ஏழாம் பக்கம், எட்டாம் பக்கம், ஒன்பதாம் பக்கம். அந்தக் கட்டுரை சின்ன வெங்காயச் செய்கையில் வருகிற ஒரு நோய் பற்றியது. பிரேசிலிலும் வியட்நாமிலும் ஆட்கள் எழும்பியிருந்து எங்கட வெங்காயத்தை இவ்வளவு கரிசனையாக விசாரிப்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

வந்தவை ரோபோக்கள். செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குத் தீனி தேடி இணையம் முழுக்க அலைகிற வகை. பழைய தேடுபொறி ரோபோக்களுக்கு ஒரு மரியாதை இருந்தது. பெயரைச் சொல்லிக்கொண்டு வரும், ரோபோட்ஸ் கோப்பில் 'இங்கே வராதே' என்று எழுதி வைத்தால் வராது, மெதுவாகக் கேட்கும். புதியவற்றில் கனக்க அப்படியில்லை. மனிதர் வேடம் போட்டு, ஒரு முகவரியிலிருந்து ஒன்றிரண்டு தரம் மட்டும் கேட்டுவிட்டு அடுத்த முகவரிக்குத் தாவிவிடும். ஐ.பி. பார்த்துத் தடுத்தால் தடுத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

'இதையொத்த கட்டுரைகள்' என்பது ஓ.ஜே.எஸ்.ஸில் ஒரு செருகுநிரல். வாசகருக்கு உதவட்டும் என்று போட்டது, பார்க்க வடிவாகவும் இருக்கும். ஆனால் கட்டுரைப் பக்கம் ஒன்று திறக்கும் ஒவ்வொரு தரமும் அது அந்தக் கட்டுரையின் திறவுச்சொற்களை எடுத்து முழுத் தரவுத்தளத்திலும் தேடுகிறது. பிறகு அந்தப் பட்டியலுக்குப் பக்க எண்கள். அதற்கு அடியில் 'இன்னும் விரிவாகத் தேடு' என்று ஒரு இணைப்பு, அதை அமத்தினால் இன்னும் பாரமான தேடல். மனிதர் எவரும் ஒன்பதாம் பக்கத்துக்குப் போகமாட்டார். ரோபோ கடைசிப் பக்கம்வரை போகும். சில நூறு கட்டுரைகள் உள்ள தளம் ரோபோவின் கண்ணுக்குப் பல்லாயிரம் பக்கங்களாக விரிந்து, அந்தப் பல்லாயிரத்தில் ஒவ்வொன்றும் ஒரு தேடலாகி விடுகிறது.

மறுபக்கத்தில், ஓ.ஜே.எஸ்.ஸை ஓட்டுகிற பி.எச்.பி.யை உபுண்டுவில் நிறுவியபடி விட்டால் ஒரே நேரத்தில் அது கவனிக்கக்கூடிய கோரிக்கைகள் ஐந்து. இயல்புநிலை அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது, இவர்களும் அதை மாற்றவில்லை. சங்கக்கடையில் ஐந்து பேர் நிற்கிறார்கள், வரிசையில் முன்னால் நிற்கிற அத்தனை பேரும் ஒன்றும் வாங்காமல் கடையிலுள்ள ஒவ்வொரு சாமானுக்கும் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று வையுங்கோ. பின்னால் ஒரு இறாத்தல் சீனிக்கு வந்தவர்தான் எங்கட பேராசிரியர். அவருக்குக் கிடைத்தது வெள்ளைப் பக்கம்.

இந்த இடத்தில் ஐந்தை ஐம்பதாக்கப் பலருக்குக் கை துருதுருக்கும். செய்யவேண்டாம். நினைவகம் நிரம்பியதும் லினக்ஸ் யாரையாவது கொன்றுதான் இடம் எடுக்கும், அதிகம் தின்கிற தரவுத்தளத்தைத்தான் அது அனேகமாகப் பிடிக்கும். பிறகு தளம் இழுக்காது, ஒரேயடியாகப் படுத்துவிடும். நினைவகத்தைக் கணக்குப் பார்த்து அளவோடு கூட்டலாம், அவ்வளவுதான்.

முதல் வேலையாக அந்தச் செருகுநிரலை நிறுத்தினேன். பதிப்பாசிரியர் குழுவில் ஒருவருக்கு மனவருத்தம். "அது தளத்துக்கு ஒரு எடுப்பு" என்றார். எடுப்புக்கு மின்சாரமும் செலவாகிறது, மிஸ். அடுத்தது தேடல் பக்கம். மரியாதை தெரிந்த ரோபோக்களுக்காக ரோபோட்ஸ் கோப்பில் அதை மூடினேன். தெரியாதவற்றுக்காக, இத்தனை செக்கனுக்கு இத்தனை தேடல்தான் என்று முன்வாசலில் நிற்கும் இஞ்சின்எக்ஸில் ஒரு வரம்பு வைத்தேன். தளத்தைக் கிளவுட்ஃபிளெயார் என்ற காவல் சேவைக்குப் பின்னால் கொண்டுபோய், தேடல் முகவரிக்கு மட்டும் 'நீ மனிதனா' என்ற சோதனையைப் போட்டேன். இலவசக் கணக்கிலேயே இவ்வளவும் செய்யலாம். அவர்களுக்குக் கொழும்பிலும் ஒரு நிலையம் இருப்பதால் படம், எழுத்துரு, வடிவக் கோப்புகள் எல்லாம் கடல் தாண்டாமல் வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ரோபோ என்றதும் கோபத்தில் எல்லாவற்றையும் மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டுரைப் பக்கங்களையும் பி.டி.எவ். கோப்புகளையும் மூடினால் கூகிள் ஸ்கொலரில் இருந்து நீங்களே உங்களைக் கிழித்து எறிந்த மாதிரி. மற்றத் தளங்கள் உங்கள் கட்டுரை விவரங்களை அள்ளிக்கொண்டு போவதற்கென்று ஓ.ஜே.எஸ்.ஸில் ஓ.ஏ.ஐ. என்றொரு வாசல் இருக்கிறது, அதையும் மூடக்கூடாது. எங்கட இதழ்களை வெளியில் நாலுபேர் மேற்கோள் காட்டுவதே அரிது. வருகிற ஒன்றிரண்டு நல்ல விருந்தாளியையும் நாய்க்குப் பயந்து கதவடைத்துத் துரத்தவேண்டாம்.

இது எங்களுக்கு மட்டும் வந்த வினை இல்லை. உலகத் திறந்த களஞ்சியங்களின் கூட்டமைப்பான கோவார் 2025இல் நடத்திய கணக்கெடுப்பில், பதிலளித்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் இப்படியான முரட்டு ரோபோக்கள் தங்களிடமும் வருவதாகச் சொன்னார்கள். அதே ஆண்டு ஏப்ரிலில் விக்கிமீடியா நிறுவனம், 2024 ஜனவரியிலிருந்து பல்லூடகக் கோப்புகளுக்கான தங்கள் அலைக்கற்றைப் பாவனை 50 சதவீதம் ஏறிவிட்டது என்றும், சேவர்களுக்கு மிகச் செலவான போக்குவரத்தில் 65 சதவீதம் ரோபோக்களுடையது என்றும் எழுதியது. விக்கிப்பீடியாவுக்கே மூச்சு முட்டுகிறது என்றால் திணைக்களத்து மூலையில் கிடக்கிற எங்கட சேவர் எந்த மூலைக்கு.

தரவுத்தளத்துக்குள் போனால் வேறு கூத்து. குக்கீயை வைத்திராத ரோபோ எத்தனை தரம் வந்தாலும் ஓ.ஜே.எஸ். அதைப் புது ஆள் என்றே எண்ணி அமர்வு அட்டவணையில் புது வரி எழுதும். அது வீங்கிப்போய்க் கிடந்தது. வெறுமையாக்கினால் உள்ளே இருக்கிறவர்கள் திரும்ப உள்நுழையவேண்டும், வேறு நட்டம் இல்லை. மைஎஸ்கியூஎல் தரவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கப் பாவிக்கிற நினைவகத்தின் இயல்பு அளவு 128 எம்.பி. நாலு ஜி.பி. உள்ள இயந்திரத்தில் அதற்கு 128 எம்.பி.யைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சும்மா வைத்திருந்தார்கள். கூட்டிவிட்டேன். இன்னொன்று ஏக்ரொன். வருகிற வாசகரின் முதுகில் ஏறி, நினைவூட்டல் அனுப்புவது, வாசிப்புப் புள்ளிவிவரம் சேர்ப்பது போன்ற பின்னணி வேலைகளைச் செய்கிற செருகுநிரல் அது. சேவரின் சொந்தக் க்ரொன் அட்டவணையில் அந்த வேலைகளைப் போட்டுவிட்டு இதை நிறுத்தினால் போதும்.

இவ்வளவும் முடிய, பக்கங்கள் பட்டென்று திறந்தன. பேராசிரியர் சந்தோசப்பட்டார். அடுத்த கிழமை திரும்பப் போன்.

"தம்பி, தளம் ஓகே. ஆனா பழைய இதழுகள் திறக்க நேரம் செல்லுது. நெடுந்தீவில படிப்பிக்கிற ஒரு பழைய மாணவி சொன்னா, ஒரு கட்டுரை இறக்கினதோட டேட்டா முடிஞ்சுதாம்."

இதில் ரோபோவுக்குச் சம்பந்தம் இல்லை. பழைய அச்சு இதழ்களை ஆர்வத்தோடு ஸ்கான் செய்து ஏற்றியிருந்தார்கள். ஆர்வம் கொஞ்சம் கூடிப்போய், மஞ்சளடித்த தாளை முழு நிறத்தில் 600 புள்ளி அடர்த்தியில் எடுத்திருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கோ. ஏ4 தாள் ஒன்று அந்த அடர்த்தியில் 4,960க்கு 7,016 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று பைட் என்றால் சுருக்க முன்னம் ஒரு பக்கமே 100 எம்.பி.க்கு மேல். எவ்வளவு சுருக்கினாலும் தாளின் மஞ்சளும் பூச்சியரித்த ஓட்டையும் ஸ்டாப்பிள் பின்னின் துருவும் கட்டுரையோடு சேர்ந்து நெடுந்தீவுக்குப் போய்க்கொண்டிருந்தன. அதே பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் 300 அடர்த்தியில் எடுத்தால் சுருக்க முன்னம் ஒரு எம்.பி. அளவு, சுருக்கிய பின் சில பத்துக் கே.பி. எழுத்து வாசிக்க அது தாராளம். நிறப்பிரதியை எறியச் சொல்லவில்லை. ஆவணத்துக்கு அதுதான் மூலம், அதை வன்தட்டில் இரண்டு இடத்தில் வையுங்கோ. தளத்தில் வாசகருக்கு வேண்டியது வாசிப்புப் பிரதி.

கோப்பின் பாரம் சேவரையும் தாக்கும். ஓ.ஜே.எஸ். பி.டி.எவ். கோப்புகளைப் பொதுக் கோப்புறையில் வைப்பதில்லை. கேட்கிறவருக்குப் பி.எச்.பி.தான் எடுத்துக் கொடுக்கிறது. மெதுவான இணைப்பில் ஒருவர் பெரிய கோப்பை இழுத்துக்கொண்டிருந்தால் அமைப்பைப் பொறுத்து அந்தச் சங்கக்கடை ஐவரில் ஒருவர் அவ்வளவு நேரமும் அவருக்கே காவல்.

கோப்புகளை மறுபடி செய்யும்போதுதான் பாமினி வெளியே வந்தது. தமிழ்க் கட்டுரைகளில் அரைவாசிக்கு மேல் பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு அப்படியே பி.டி.எவ். ஆக்கியவை. யாழ்ப்பாணத்தில் கணினித் தட்டச்சு என்றால் நீண்டகாலம் பாமினிதான், அதைப் பழித்துப் பேச நான் ஆளில்லை. என்ர ஆய்வேடும் அதில்தான். ஆனால் பாமினியில் கண்ணுக்குத் தெரிவதுதான் தமிழ், உள்ளே கிடப்பது ஆங்கில விசைகள். 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கிடக்கிறது. ஓ.ஜே.எஸ். தேடலுக்காகக் கோப்பின் உரையை உருவி எடுக்கும்போது இந்த ஜேயும் கேயும்தான் கிடைக்கும். அரைப்புள்ளியை நிறுத்தக்குறி என்று எண்ணி அந்த இடத்தில் சொல்லை வெட்டும். மெய்யெழுத்து வருகிற இடமெல்லாம் வெட்டு. மூன்று எழுத்துக்குக் குறைந்த துண்டை எறிந்துவிட்டு மிச்சத்தைச் சொல் என்று அட்டவணையில் சேர்க்கும். ஆக, தேடல் அட்டவணை எந்த மொழியிலும் இல்லாத சொற்களால் நிரம்பிக் கிடந்தது. எவரும் ஒருநாளும் தேடமாட்டாத சொற்கள். ஒவ்வொரு தேடலும் அந்தக் குப்பையையும் சுமந்தது. தமிழில் தேடிய மாணவருக்கோ முடிவு பூச்சியம். கூகிளுக்கும் இதே கதைதான்.

வேட் கோப்பு கைவசம் இருந்தவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் திரும்பப் பி.டி.எவ். ஆக்கினோம். மாற்றியில் போட்டால் ஒற்றைக் கொம்பும் மேற்கோள் குறியும் இடைக்கிடை கோணும், மெய்ப்புப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். வேட் கோப்பு இல்லாதவற்றுக்கும் ஸ்கான்களுக்கும் டெசரக்ட் என்ற இலவச எழுத்துணரி. அது தமிழ் வாசிக்கும். ஓ.சி.ஆர்.மை.பி.டி.எவ். என்ற கருவி அதையே உள்ளே பாவித்து, ஸ்கானுக்குப் பின்னால் தேடக்கூடிய உரையையும் ஒட்டிவிடும், சொன்னால் கோப்பையும் சுருக்கித் தரும். பழைய அச்சில் பிழை கனக்க வரும். வரட்டும், பூச்சியத்தைவிட நல்லது. பிறகு தேடல் அட்டவணையை அழித்துப் புதிதாகக் கட்டினோம்.

இடையில் இன்னொன்றையும் கண்டேன், நீட்டாமல் சொல்கிறேன். பழைய ஓ.ஜே.எஸ். பதிப்புகளில், பதிவேற்றக் கோப்புறையைத் தளத்துக்குள்ளேயே வைத்திருந்தால், கட்டுரை என்று சொல்லி ஆட்கள் வேறு சாமான் ஏற்றிவிடுவார்கள். பல நாட்டுப் பல்கலைக்கழக இதழ்களில் சூதாட்ட விளம்பரப் பக்கங்கள் ஒளிந்திருப்பது இப்படித்தான். உங்கள் இதழின் தள முகவரியோடு சூதாட்டம் என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்து ஒருக்கால் கூகிளில் தேடிப் பாருங்கோ. ஒன்றும் வராவிட்டால் நிம்மதி.

சேவரை எங்கே வைப்பது என்று பேராசிரியர் கேட்டார். திணைக்களத்து அறையில் வேண்டாம் என்றேன். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டுப் பார்த்த ஆட்கள் நாங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்னார். மின்பிறப்பாக்கியும் ஆளும் உள்ள இடத்தில் சேவர் இருக்கட்டும்.

உண்மையில் இந்தத் தளத்துக்கு ஒரு சதத்துக்கும் வன்பொருள் வாங்கவில்லை. இருந்த இயந்திரமே போதும். இல்லாமல் இருந்தது பார்க்கிற ஆள். பதிப்பாசிரியர் குழு என்ற பக்கத்தில் ஆலோசகர்கள், வெளிநாட்டு உறுப்பினர்கள் என்று பெயர்கள் வரிசையாக இருந்தன. லொக் வாசிப்பது யார், புதுப்பிப்பது யார், காப்புப்பிரதி எடுப்பது யார் என்றால் ஒரு பெயரும் இல்லை. கடைசிக் காப்புப்பிரதி எப்போது எடுத்தது என்று கேட்டபோது அறையில் இருந்த எல்லோரும் ஆளையாள் பார்த்தார்கள். அதே அறைச் சுவரில் எரிந்த யாழ் பொது நூலகத்தின் படம் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

ஆகவே பதிப்பாசிரியர்மாரே, அடுத்த கூட்டத்துக்கு இரண்டு விடயம் எழுதிக்கொண்டு போங்கோ. தளத்துக்குப் பொறுப்பாக ஒருவரின் பெயரைக் கூட்டக்குறிப்பில் பதியுங்கோ, அவர் இடம் மாறினால் அடுத்தவரின் பெயரையும். இனிமேல் வருகிற தமிழ்க் கட்டுரைகளை ஒருங்குறியில் மட்டும் வாங்குங்கோ, வேட் கோப்பையும் சேர்த்து. பாமினியில் அனுப்பினால் எவ்வளவு பெரிய பேராசிரியர் என்றாலும் திருப்பி அனுப்புங்கோ.